கேபிளை நிறுத்தினால் வீடு தாங்குமா? ஆன்டெனா, ஸ்ட்ரீமிங், இரண்டும் சேர்ந்தது

“கேபிள் பில்லைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஆனால் நிறுத்தினால் வீட்டில் சும்மா விட மாட்டார்கள். என்ன செய்யலாம்?” என்று கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று ஓடிடி சந்தாவும் கட்டுகிறவர்கள். கேபிளும் ஓடுகிறது, அதுவும் ஓடுகிறது. இருக்கிற வழிகளிலேயே மோசமானது இந்த இரட்டைச் செலவுதான். அதனால் எந்தப் பக்கம் போவதானாலும் போய்விடுவது நல்லது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தபோது முதல் வேலையாக டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தேன். யார் பார்த்தாலும் சேனல் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும், இரண்டு வாரத்துக்கு. பிள்ளைகள் இரண்டாம் நாளே கைவிட்டார்கள். என் மாமியார் மட்டும் ஒருநாள் விடாமல் எழுதினார். கடைசியில் எண்ணிப் பார்த்தால், பெட்டியில் வந்த நூற்றுக்கணக்கான சேனல்களில் நாங்கள் தொட்டது பதினொன்று. அதிலும் அந்த நேரத்திலேயே பார்த்தாக வேண்டியவை மூன்றே மூன்று: காலைச் செய்தி, மேட்ச், அத்தையின் எட்டரை மணித் தொடர். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

பிறகு எடுத்த முடிவை பில் தொகையைவிட இந்த மூன்றுதான் தீர்மானித்தன.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மேலே சொன்னதுபோல அந்த நேரத்திலேயே பார்ப்பது, அதாவது நேரலை. எவ்வளவு நேரலை வேண்டும், அது எந்த வழியாக வருகிறது என்பது.

இரண்டாவது, வீடு இருக்கும் இடம். ஆன்டெனாவுக்கு ஒளிபரப்பு டவர் எவ்வளவு தூரம் என்பதும் ஸ்ட்ரீமிங்குக்கு இணையம் எவ்வளவு உறுதி என்பதும் இதில் அடங்கும். வீட்டுக்கு வீடு மாறும் விஷயம் இது. பக்கத்துத் தெருக்காரரின் அனுபவம்கூட உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடும். இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொன்று பார்க்கும் வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

நான்காவது, ரிமோட். சிரிக்காதீர்கள். வீட்டில் தொழில்நுட்பம் என்றாலே முகம் சுளிக்கிற ஒருவர் இருப்பார். அவர் தனியாக இருக்கும்போது தனக்கு வேண்டியதைப் போட்டுப் பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால் அந்த ஏற்பாடு ஆறு மாதம் தாங்காது, கேபிள்காரர் மறுபடி வாசலுக்கு வந்துவிடுவார்.

ஐந்தாவதுதான் பணம். அதையும் மாதக் கணக்காகப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். ஆன்டெனாவில் செலவு முதல் நாளே முடிந்துவிடுகிறது. சந்தாவில் அது சொட்டுச் சொட்டாகக் கடைசிவரை போகிறது.

## கேபிளிலேயே இருப்பது

கேபிளைத் திட்டுவது எளிது. ஆனால் அதன் ஒரு வசதியை வேறு எதுவும் இதுவரை தரவில்லை. ரிமோட்டை அழுத்தினால் படம் வரும், எண்ணை அழுத்தினால் சேனல் மாறும். கணக்கு, கடவுச்சொல், அப்டேட் எதுவும் குறுக்கே வராது. நேரலை நேரலையாகவே வரும். பழுதானால் ஒரே இடத்தில் கேட்டால் போதும்.

மறைந்திருக்கும் செலவு பில்லின் அடிப்பகுதியில் இருக்கும். பெட்டிக்கு மாத வாடகை, இரண்டாவது டிவிக்கு இரண்டாவது பெட்டி, அதற்கும் வாடகை. முதல் ஆண்டுச் சலுகை முடிந்ததும் கட்டணம் சத்தமில்லாமல் ஏறும். இன்னொன்றும் இருக்கிறது. கேபிளும் இணையமும் ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தால், கேபிளை நிறுத்தியதும் இணையத்துக்கான கூட்டுச் சலுகை போய்விடலாம். ‘கேபிளை நிறுத்தினேன், ஆனால் மொத்தத்தில் மிச்சமானது கொஞ்சம்தான்’ என்று சலித்துக்கொள்ளும் பலர் இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான். இணையம் மட்டும் வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

ஒரு தந்திரமும் உண்டு. நிறுத்தப் போகிறேன் என்று கூப்பிட்டுச் சொன்னாலே சில இடங்களில் கட்டணம் இறங்கும். இறங்கிய கட்டணம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்க மறக்காதீர்கள்.

## ஆன்டெனா மட்டும்

ஆன்டெனா என்றதும் கூரைமேல் மீன்முள் மாதிரி நின்ற பழைய கம்பியும், காற்றடித்தால் யாராவது மேலே ஏறித் திருப்பியதும் ஞாபகம் வரும். இப்போது அதே கம்பியில் வருவது டிஜிட்டல் சிக்னல். அமெரிக்கா 2009-இலும் பிரிட்டன் 2012-இலும் சிங்கப்பூர் 2019-இலும் பழைய அனலாக் ஒளிபரப்பை முடித்துக்கொண்டன. ‘எச்டி ஆன்டெனா’, ‘4கே ஆன்டெனா’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பது வியாபாரப் பேச்சு. உலோகத் துண்டுக்கு அனலாக், டிஜிட்டல் வித்தியாசம் தெரியாது. உங்கள் அலைவரிசைக்கு ஏற்ற பழைய ஆன்டெனா நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும்.

தூரம் பற்றிய விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகின்றன, பூமியோ வளைந்திருக்கிறது. மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலைக்கு அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 300 மீட்டர் டவருக்கு அது சுமார் 71 கிலோமீட்டர். உங்கள் கூரை 9 மீட்டர் என்றால் இன்னொரு 12 சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக 80-சொச்சம் கிலோமீட்டர், அதுவும் நடுவில் மலையோ உயரமான கட்டடமோ இல்லாவிட்டால். இந்தக் கணக்கு தெரிந்தபின், ஜன்னலில் ஒட்டும் தாள் போன்ற ஓர் ஆன்டெனாவின் அட்டையில் ‘300 கிலோமீட்டர் எட்டும்’ என்று இருந்தால் சிரிப்புத்தான் வரும்.

அளவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள, யுஎச்எஃப் எனப்படும் உயர் அலைவரிசை அலையின் நீளம் அரை மீட்டர். அதற்குக் கால் மீட்டர் கம்பி போதும் என்பதால் தட்டையான சின்ன ஆன்டெனா அதை நன்றாகவே பிடிக்கும். 200 மெகாஹெர்ட்ஸில் வரும், விஎச்எஃப் எனப்படும் தாழ்ந்த அலைவரிசை அலையோ ஒன்றரை மீட்டர். உங்கள் ஊரில் முக்கியமான சேனல் ஒன்று விஎச்எஃப்பில் இருந்தால், தட்டை ஆன்டெனாவில் அது மட்டும் முரண்டு பிடிக்கும். வாங்குவதற்கு முன் எந்தச் சேனல் எந்த அலைவரிசையில் வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் டிவிக்குப் பின்னாலேயே ஆன்டெனாவை ஒட்டினேன். 9 சேனல் வந்தது. ஜன்னலுக்கு மாற்றினேன், 14. ஆசை விடவில்லை, ‘பூஸ்டர்’ ஒன்று வாங்கி இணைத்தேன். மறுபடி 9! கெட்டுப்போன பெட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். காரணம் வேறு. அருகிலிருக்கும் டவரின் சிக்னல் ஏற்கெனவே பலமாக இருந்தது. அதை இன்னும் பெருக்கியதில், டிவிக்குள் சேனலைப் பிரித்தெடுக்கும் டியூனர் திணறிப்போய், பலவீனமான சேனல்களைத் தொலைத்துவிட்டது. பூஸ்டரைக் கழற்றியதும் 14 திரும்பி வந்தது. சிக்னலைப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். ஆன்டெனாவிலிருந்து வரும் நீளமான வயரில் சிக்னல் கரையும்போதோ, ஸ்பிளிட்டர் வைத்துப் பல டிவிக்குப் பிரிக்கும்போதோதான் பூஸ்டருக்கு வேலை. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் குறைவாகவே கொடுக்கிறது. 30 மீட்டர் வயரும் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

டிஜிட்டலில் நடுத்தரம் என்பது கிடையாது. பழைய காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது தெரியும். இப்போது ஓர் எல்லைவரை படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து கறுத்துவிடும். ஜன்னலில் வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி போட்டிருந்தால் அது சிக்னலையும் தடுக்கும். கம்பி நிறைந்த கான்கிரீட் சுவரும் அப்படியே. கூரைமேல் வைப்பதானால் மின்னல் ஆபத்தைக் குறைக்க எர்த் இணைப்புக் கொடுப்பது, மின்கம்பிக்கு எட்டத்தில் வைப்பது இரண்டிலும் சமரசம் வேண்டாம். ஏறத் தெரிந்தவரை விட்டுச் செய்யுங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்துவிட்டால் ஆன்டெனாவுக்கு ஈடு இல்லை. மாதக் கட்டணம் கிடையாது. பல ஊர்களில் அதே சேனலின் படம் கேபிளில் வருவதைவிடத் துல்லியமாக இருக்கும், ஏனென்றால் கேபிளில் அது இன்னொரு முறை சுருக்கப்பட்டிருக்கலாம். புயல் நாளில் இணையம் அறுந்தாலும் பேட்டரியில் ஓடும் ஒரு டிவியும் ஆன்டெனாவும் இருந்தால் செய்தி வந்துகொண்டிருக்கும்.

குறை என்று பார்த்தால், கிடைப்பது அந்த நாட்டின் இலவச ஒளிபரப்பு மட்டும். தமிழ்ச் சேனல்களை எதிர்பார்த்து ஆன்டெனா வாங்கினால் அநேக நாடுகளில் ஏமாற்றம்தான். சிங்கப்பூரில் வசந்தம் வருகிறது, ஆனால் அது விதிவிலக்கு. இந்தியாவிலோ தரைவழி ஒளிபரப்பே சுருங்கிப்போனது. அங்கே மாதக் கட்டணமில்லாத வழி என்றால் 2004-இல் தொடங்கி இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் ஓடும் டிஷ்தான். இன்னொன்று, நாடு மாறி வந்தவர்கள் கவனிக்க வேண்டியது: அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை வேறு, சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள டிவிபி-டி2 வேறு. ஓரிடத்தில் வாங்கிய டிவியின் டியூனர் இன்னோரிடத்தில் வேலை செய்யாமல் போகலாம். தனியாக ஒரு டியூனர் பெட்டி வாங்கினால் தீர்ந்துவிடும், ஆனால் அந்தச் செலவும் கணக்கில் வர வேண்டும்.

## ஸ்ட்ரீமிங் மட்டும்

வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்ப்பதற்கு இதை மிஞ்சியது இல்லை. தொடர் பார்க்கும் வீட்டுக்கும், பிள்ளைகள் ஒரே கார்ட்டூனை நாற்பது முறை பார்க்கும் வீட்டுக்கும், தாய்மொழி நிகழ்ச்சிக்காக ஏங்குகிற வீட்டுக்கும் முதல் தேர்வு இதுதான்.

வேகம் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. முழு எச்டிக்கு விநாடிக்கு 5 மெகாபிட் (Mbps), 4கேவுக்கு 15 என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு. கவலைப்பட வேண்டியது டேட்டா வரம்பு பற்றி. எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரையும் 4கேவில் 7 ஜிபி வரையும் செலவாகும். இரண்டு டிவி, தலா 4 மணி நேரம், எச்டியில் ஓடுகின்றன என்று வையுங்கள். நாளுக்கு 24, மாதத்துக்கு 720 ஜிபி. இது டிவிக்கு மட்டும். வீட்டில் ஓடும் மற்ற கைப்பேசி, கணினியெல்லாம் இதற்கு மேல். இணையத் திட்டத்தில் ‘அன்லிமிடெட்’ என்று எழுதியிருந்தாலும், ஓர் அளவுக்கு மேல் வேகம் குறையுமா என்று பொடி எழுத்தைப் படியுங்கள்.

மேட்ச் பார்ப்பவர்களுக்கு ஒரு வேதனை காத்திருக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் படம் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. தடங்கல் வரக்கூடாதென்று உங்கள் டிவி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். அதனால் அரை நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்குவது சகஜம். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து வீட்டில் கத்திவிடுவார்கள். கைப்பேசியில் நண்பனின் செய்தியும் வந்துவிடும். பெரிய ஆட்டத்தன்று செயலி திணறுவதற்கும் காரணம் உண்டு. ஆன்டெனாவில் ஒரே சிக்னலை எத்தனை வீடு பிடித்தாலும் டவருக்குச் சுமை கூடாது. ஸ்ட்ரீமிங்கிலோ ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பியாக வேண்டும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? ஒரு நிகழ்ச்சிக்காக ஒரு சந்தா, அது முடிந்தும் ரத்து செய்ய மறந்த நான்கு மாதம். ஒரே நேரத்தில் இரண்டு திரைக்கு மேல் ஓட வேண்டுமென்றால் மேல்திட்டம். வேறு வீட்டில் இருப்பவரோடு கடவுச்சொல்லைப் பகிர்வதும் முன்போல நடக்காது. 2023-இலிருந்து நெட்ஃபிளிக்ஸ் பல நாடுகளில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறது. நேரலைச் சேனல்களையே கட்டுக்கட்டாக இணையத்தில் தரும் சேவைகளும் உண்டு, ஆனால் அது வேறு சட்டை போட்ட கேபிள்தான். அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய யூடியூப் டிவியின் மாதக் கட்டணம் 2025-க்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

டிவிக்கும் வயதாகும். திரை நன்றாக இருக்கும், ஆனால் செயலிகள் கைவிட்டுவிடும். 2010, 2011 காலத்துச் சில சாம்சங் டிவிகளில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அப்போது புது டிவிக்கு ஓடாதீர்கள். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகி, செயலிகளை ஓட்டும் சின்ன ஸ்டிக் ஒன்று போதும்.

## இரண்டும் சேர்ந்தது

நாங்கள் கடைசியில் வந்து நின்ற இடம் இது. செய்தியும் மேட்சும் ஆன்டெனாவில், தொடரும் படமும் ஓடிடியில். ஒரே நேரத்தில் ஒரு சந்தாதான் என்று வைத்துக்கொண்டோம். பார்க்க நினைத்ததெல்லாம் தீர்ந்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததை எடுக்கிறோம். ஒன்றில் குறை வந்தால் இன்னொன்று கைகொடுக்கிறது.

இதன் விலை பணத்தில் இல்லை, குழப்பத்தில் இருக்கிறது. ஆன்டெனா ஓர் இன்புட்டில், ஸ்டிக் இன்னோர் இன்புட்டில். முதல் வாரம் அத்தை என்னை அலுவலகத்துக்கு ஆறு முறை கூப்பிட்டார். “நீல நிறமா ஒரு திரை வந்து நிக்குது, என்னமோ கேக்குது.” மூன்றாம் நாள் ரிமோட்டில் இன்புட் பொத்தான் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். ‘சிவப்பு ஒரு தடவை: செய்தி. சிவப்பு இரண்டு தடவை: தொடர்’ என்று பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினேன். கூப்பிடுவது நின்றது. எட்டரை மணித் தொடரை இப்போது அவர் மறுநாள் காலை காபியோடு பார்க்கிறார். விளம்பரம் இல்லாமல் சீக்கிரம் முடிவதில் ஒரு சின்னக் குறையாம். நடுவில் எழுந்துபோய் வேலை பார்க்க நேரமில்லை என்கிறார்!

## ஒரே பார்வையில்

| | கேபிள் | ஆன்டெனா | ஸ்ட்ரீமிங் | இரண்டும் |
|---|---|---|---|---|
| நேரலை | தடையில்லை | உள்ளூர் சேனல் மட்டும், தாமதம் மிகக் குறைவு | தாமதமாக வரும் | உள்ளூர் நேரலைக்குக் குறையில்லை |
| முதல் செலவு | குறைவு | ஆன்டெனா, தேவைப்பட்டால் டியூனர் | ஸ்டிக் அல்லது ஸ்மார்ட் டிவி | இரண்டும் சேரும் |
| மாதச் செலவு | அதிகம், ஏறும் | இல்லை | சந்தா எண்ணிக்கையைப் பொறுத்தது | ஒரு சந்தாவில் அடக்கலாம் |
| இணையம் போனால் | பெரும்பாலும் ஓடும் | ஓடும் | நின்றுவிடும் | செய்தி மட்டும் ஓடும் |
| மூத்தவர்களுக்கு | எளிது | எளிது | பழக வேண்டும் | முதல் வாரம் சிரமம் |
| இரண்டாவது டிவி | பெட்டி, வாடகை | ஸ்பிளிட்டர் | திட்டத்தின் திரை எண்ணிக்கை | கலந்து சமாளிக்கலாம் |

## எந்த வீட்டுக்கு எது

டவரிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் வீடு, இணையமும் சுமார் என்றால் கேபிளை விடாதீர்கள். அது அங்கே வரவில்லை என்றால் டிஷ். பெற்றோர் மட்டும் தனியாக இருக்கும் வீட்டிலும், அவர்களுக்கு ரிமோட் பழக்கிவிட யாரும் அருகில் இல்லையென்றால், நான் கேபிளில் கைவைக்க மாட்டேன். மிச்சமாகிற பணத்தைவிட அவர்கள் தனியாகத் திணறுவது பெரிய செலவு.

செய்தியும் ஆட்டமும் போதும், நாடகமெல்லாம் வேண்டாம் என்கிறவருக்கு ஆன்டெனா மட்டும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு அடிக்கடி வீடு மாறுபவருக்கும், உள்ளூர்ச் சேனலைத் திரும்பியே பார்க்காதவருக்கும் ஸ்ட்ரீமிங் மட்டும். பிள்ளைகள், பெரியவர்கள், மேட்ச் பைத்தியம் ஒன்று என்று கலந்து கிடக்கிற வீட்டுக்கு இரண்டும். உங்களுக்குப் பிடித்த அணியின் ஆட்டம் கட்டணச் சேனலில் மட்டும்தான் வருகிறதென்றால், ஆன்டெனாவும் உதவாது. சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும் அந்தச் சந்தாவை எடுத்து, முடிந்ததும் நிறுத்துவது நல்லது.

மாறுவதென்று முடிவெடுத்தால் கேபிளை முதல் நாளே வெட்டாதீர்கள். ஒரு மாதம் பெட்டியின் மின் இணைப்பை மட்டும் எடுத்துவைத்து, புதிய ஏற்பாட்டிலேயே வீடு ஓடுகிறதா பாருங்கள். யாராவது பெட்டியைத் தேடி எடுத்து மறுபடி செருகினால், எதற்காகச் செருகினார்கள் என்று கேளுங்கள். அதற்கு மாற்று இருக்கிறதா என்று பார்த்த பிறகு நிறுத்தலாம். ஆன்டெனாவில் சேனல் தேடலை அவ்வப்போது மறுபடி ஓட்டுங்கள், அலைவரிசை மாறிய சேனல்கள் அப்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ‘திரும்ப வராத பெட்டி’க்கு என்று ஒரு பில் வந்தது. பெட்டியோடு ரிமோட்டையும் மின் அடாப்டரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.